முன்பே சொன்னவர் யார்?

நாமக்கல்லிலிருந்து காவிரியைக் கடந்தால் கரூர். அங்கே எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பைக்கான அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கும் நாட்களில், "கோப்பை யாருக்கு?" என்பதே ரசிகர்களின் பேச்சு. முடிவு தெரிந்ததும், "நான்தான் முன்பே சொன்னேனே!" என்று யாராவது மார்தட்டுவார். அவரை நம்பலாமா?

அமெரிக்கக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் போட்டியில் இப்படி முன்கூட்டிச் சொல்வது ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது. 1985-இல் அப்போட்டி 64 அணிகளாக விரிந்தது. தோற்ற அணி வெளியேறிவிடும். ஆகவே 63 ஆட்டங்கள். அத்தனை முடிவுகளையும் ரசிகர்கள் முதலிலேயே அட்டவணையில் எழுதிவைப்பார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு முடிவுகள். 63 இரண்டுகளைப் பெருக்கினால் 19 இலக்க எண் வரும்! முழுவதும் சரியாக எழுதுவது எளிதா?

உங்கள் பள்ளியில் 8 அணிகள் இதேபோல் மோதுவதாக வைத்துக்கொள்வோம். 7 ஆட்டங்கள், 128 விதமான முடிவுகள். 128 மாணவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினால், ஒருவர் எழுதியது முழுவதும் சரியாகியே தீரும். அவர் கூடைப்பந்தையே பார்த்திராதவராகவும் இருக்கலாம்! மற்ற 127 பேர் வாய் திறக்கமாட்டார்கள்.

பந்தயம் கட்டச் சொல்பவர்களும் ஆரூடக்காரர்களும் நமக்குக் காட்டுவது அந்த ஒருவரைத்தான். காசை இழந்த 127 பேரைக் காட்டுவதில்லை.

விளையாட்டைப் பற்றிய அறிவு வீண் என்பதல்ல. பலமான அணியே பெரும்பாலும் வெல்லும். ஆனால் பலித்ததை மட்டுமல்ல, பொய்த்ததையும் எண்ணிப் பார்ப்பதே அறிவியல். அடுத்த போட்டிக்கு முன் உங்கள் கணிப்பைத் தாளில் எழுதுங்கள். முடிந்ததும் இரண்டையும் எண்ணுங்கள். காசு மட்டும் வைக்காதீர்கள்!