பெண்களைப் பற்றிப் படிப்பது குற்றமா?

பெண்கள் படிக்கலாமா என்ற கேள்வி ஒருவாறு ஓய்ந்து, இப்பொழுது பெண்களைப் பற்றிப் படிக்கலாமா என்ற கேள்வி கிளம்பியிருக்கின்றது. ஐரோப்பாவில் ஹங்கேரி தேசத்துச் சர்க்காரே இதைக் கிளப்பி, கூடாது என்று தாமே பதிலும் சொல்லிவிட்டார்கள். 2018-ம் வருஷம் அக்டோபரில், அங்கீகாரம் பெற்ற எம்.ஏ. பாடங்களின் ஜாபிதாவிலிருந்து பாலினப் படிப்பை ஓர் உத்தரவினால் அடித்துவிட்டார்கள். புடாபெஸ்டு நகரத்தில் இரண்டே சர்வகலாசாலைகளில்தான் அது நடந்து வந்தது.

அப்படி அந்த வகுப்பில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்? வெடிகுண்டு செய்யவா? ஆணும் பெண்ணும் உடலால் வேறாய்ப் பிறக்கலாம். ஆனால் அடுப்பு ஒருத்திக்கும் அதிகாரம் ஒருவனுக்கும் என்று ஏற்படுத்தியது யார், எப்பொழுது, யாருடைய நன்மைக்காக என்பதே இப்படிப்பின் ஆரம்பப் பாடம். 1792-ல் இங்கிலாந்தில் மேரி உல்ஸ்டன்கிராப்ட் எழுதியதும், 1949-ல் பிரான்சில் சிமோன் தெ பொவார் எழுதியதும் இதற்கு அரிச்சுவடி. ஒரு ஸ்திரீ அயல் வீட்டில் கூலிக்குச் சமைத்தால் அது தேச வருமானக் கணக்கில் சேருகின்றது. தன் வீட்டில் சமைத்தால் சேருவதில்லை. ஏன்? இம்மாதிரிக் கேள்விகள்தான். இப்பண்டிதர்கள் பாமரருக்கு விளங்காத பாஷையில் எழுதுகிறார்கள் என்ற குறை நமக்கும் உண்டு. அதற்கு மருந்து விளங்கும்படி எழுதச் சொல்வதே ஒழிய, வகுப்பை மூடுவதல்ல.

சர்க்கார் தரப்பில் சொன்ன சமாதானம் இரண்டு. இதைப் படித்தவர்களுக்கு வேலை கிடையாது என்பது ஒன்று. இரண்டு வருஷப் படிப்பாகிய அது, அங்குள்ள எட்வெஷ் லோராண்டு சர்வகலாசாலையில் 2017-ல்தான் ஆரம்பமாயிற்று. மூடும் யோசனையோ 2018 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. இன்னும் படித்து முடிக்காத பிள்ளைகளுக்கு வேலை இல்லை என்று எந்த ஜோசியனைக் கேட்டுக் கண்டுபிடித்தார்களோ!

இது சாஸ்திரமல்ல, வெறும் கொள்கைப் பிரசாரம் என்பது மற்றொன்று. அப்படியானால் கிறிஸ்தவ வேத பாடத்துக்குப் பட்டம் கொடுப்பதில் மாத்திரம் ஏன் கை வைக்கவில்லை? அவ்வருஷம் ஏப்ரலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பார்லிமெண்டு அங்கத்தினர் 199 பேரில் பெண்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கே. மற்ற ஏழு பங்கும் ஆண்களாய் இருப்பானேன் என்று கேட்கப் பழக்கும் படிப்பு அந்த மந்திரிகளுக்கு எப்படி ருசிக்கும்?

முன்னமே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். மற்றொரு சர்வகலாசாலையாகிய மத்திய ஐரோப்பியச் சர்வகலாசாலை 2019 முதல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது; அங்கே போதனை இங்கிலீஷில். இங்கிலீஷ் தெரியாத ஏழைப் பெண்ணும் சேர்ந்து படிக்கும்படி, ஹங்கேரியப் பாஷையில் நடந்த ஒரே எம்.ஏ. வகுப்பு எட்வெஷ் லோராண்டில் இருந்தது. அது போயிற்று.