கிணற்றுக்குள் ஏது ஆழ்கடல்?

கொச்சியை அடுத்த ஏலூர், பெரியாறு சுற்றி ஓடும் தீவு. 1947-இல் ஃபாக்ட் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ஊருக்கு அடையாளம் புகைபோக்கிகள்தான். 2024 மே மாதம் இந்தப் பக்கத்து ஆற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. அப்படிப்பட்ட தண்ணீரிலும் யாராவது தவறி விழுந்துவிட்டால் இறங்கித் தேட ஆள் வேண்டும். அவர்களை மலையாளப் பத்திரிகைகள் ‘முங்ஙல் விதக்தர்’ என்கின்றன. ‘விதக்தர்’ வடமொழி. ‘முங்ஙல்’ நம்முடையதும்தான்; நெல்லைக்காரர் ஆற்றுக்குப் போய் ‘ஒரு முங்கு’ போட்டுவிட்டு வருகிறாரே, அதே முங்கு.

யாழ்ப்பாணத்துப் பத்திரிகையில் இவர்கள் ‘சுழியோடிகள்’.

சென்னைப் பத்திரிகையில்? ‘ஆழ்கடல் நீச்சல் வீரர்கள்.’ தேடும் இடம் ஏரியாக இருக்கலாம், முப்பது அடிக் கிணறாகவும் இருக்கலாம். கடல் மட்டும் கூடவே வந்துவிடும். போதாததற்கு, நீந்துவது தண்ணீரின் மேல். இவர்களுக்கு வேலையோ அடியில்.

‘டைவ்’ செய்த வேலை இது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் நீருக்கடியில் போவதையும் குறிக்கும், தலைகீழாகக் குதிப்பதையும் குறிக்கும். விமானம் செங்குத்தாகப் பாய்ந்தாலும் டைவ், கால்பந்துக்காரர் ஃபவுல் கேட்டுப் பொய்யாக விழுந்தாலும் டைவ். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மட்டமான மதுக்கடைக்குக்கூட அந்தப் பெயர் வந்தது. தமிழில் நாம் ‘டைவ் அடிப்பது’ குதிப்பதற்கு மட்டும்தான். குதித்தவன் அடியில் என்ன செய்கிறான் என்பதற்குச் சொல் தேடும்போது கை ‘நீச்சலில்’ போய் விழுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு வினைகள் இருந்தன: தானே அமிழ்வதற்கு ‘டூஃபன்’, ஒன்றை அமிழ்த்துவதற்கு ‘டீஃபன்’. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே டைவ் ஆகிவிட்டது. தமிழில் அந்த ஜோடி இன்னும் ஒன்றாகக் கலந்துவிடவில்லை. ஆள் முங்குகிறான், இட்லியைச் சாம்பாரில் முக்குகிறான். வாத்துக்கு ஆங்கிலத்தில் ‘டக்’ என்று பெயர் வந்ததும் தண்ணீருக்குள் முங்குவதைக் குறிக்கும் வினையிலிருந்துதான். நம் குளங்களில் சட்டென்று மறைந்து வேறோர் இடத்தில் தலைகாட்டும் குட்டிப் பறவைக்கு முக்குளிப்பான் என்று பெயர் வைத்தவருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

‘குளி’ இன்னும் சுவையானது. இன்று அது குளியலறைச் சொல். ஆனால் முத்துக்குளித்தவர்கள் சோப்புப் போடக் கடலுக்குள் போகவில்லை. கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி அடிமட்டத்துக்குப் போனார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு ஓய்ந்து அறுபது ஆண்டுக்கு மேலாகிறது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது நம் செய்தியாளர்கள் ‘சங்குகுளித் தொழிலாளர்’ என்று சரியாகவே எழுதுகிறார்கள். அதே ஆள் சடலம் தேடப் போனால் மட்டும் ஆழ்கடல் நீச்சல் வீரராகிவிடுகிறார்!

சுழியோடி ஈழத்துச் சொல், இங்கே பழக்கமில்லை என்பார்கள். ‘ஆழ்கடல் நீச்சல் வீரர்’ மட்டும் தாய்ப்பாலோடு வந்ததா என்ன? சுழியோடி வேண்டாமென்றால் முக்குளிப்பவர் இருக்கிறார். அடுத்த கிணற்றுச் செய்திக்கு ஏதாவதோர் உதவி ஆசிரியர் துணிந்து போட்டுப் பார்க்கலாம். தலைப்பில் இரண்டு சொல் இடமும் மிச்சமாகும்.