மதில் காக்கும், ஏடு காட்டிக்கொடுக்கும்

வங்கியின் பாதுகாப்பு என்றவுடன் வாடிக்கையாளரின் கண்முன் நிற்பவை இரும்புப் பெட்டகமும் வாசற் காவலரும் கண்காணிப்புக் கேமராவுமே. அவற்றுக்கு இணையான வலிமை வாய்ந்த வேறொன்றும் கிளைக்குள் உண்டு, அதுதான் பதிவேடு. பெட்டகத்தைத் திறந்தவர் யார், உடனிருந்தவர் யார், எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகை என்பவை எழுதப்படுவதால்தான் மாலையில் இருப்பை எண்ணும்போது நூறு ரூபாய் குறைந்தாலும் அன்றே தெரிந்துவிடுகிறது.

தகவல் திருட்டு அப்படிப்பட்டதன்று. பணத்தை எடுத்தால் பெட்டகம் குறையும். தகவலை எடுத்தால் எதுவும் குறையாது. உங்கள் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், கணக்கு விவரம் ஆகிய அனைத்தின் நகலும் வெளியே போன பின்பும், மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். இருப்பைச் சரிபார்த்து இந்தத் திருட்டைக் கண்டுபிடிக்க இயலாது. வாசலைக் கடந்து சென்றவற்றின் பதிவைப் படித்தே கண்டுபிடிக்க வேண்டும். கணினி வலைப்பின்னல்களின் பாதுகாப்பில் நாம் போதிய மதிப்பளிக்காத பணி இதுவே என்பது என் கருத்து.

ஒரு நிறுவனத்தின் வலைப்பின்னலுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் காவற்சாதனமே ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் விதிகளின்படி அனுமதிப்பதும் தடுப்பதும் அதன் வேலை. ஒவ்வோர் இணைப்பையும் அது ஒரு வரியாகக் குறித்து வைக்கும்: எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு தரவு, அனுமதிக்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்று. இதையே லாக் என்கிறோம். அஞ்சல் உறையின் மேலுள்ள முகவரியையும் எடையையும் குறிப்பது போன்றது இது. உள்ளிருக்கும் கடிதத்தைப் படிப்பதன்று.

பழகிய கண்ணுக்கு இந்த வரிகள் பலவற்றைச் சொல்லும். பிறர் கேட்டால் விடை தருவதை மட்டுமே தொழிலாகக் கொண்ட ஒரு சர்வர், நள்ளிரவில் தானாக வெளிநாட்டு முகவரி ஒன்றைத் தொடர்புகொண்டால் அது கேள்விக்குரியது. நாள்தோறும் சிறிதளவே தரவு அனுப்பும் கணினி ஒரே இரவில் மலையளவு அனுப்பினால் அதுவும் கேள்விக்குரியது. குறித்த இடைவெளியில், கடிகாரம் தவறாமல், ஒரே முகவரிக்குச் சிறு சிறு துணுக்குகள் செல்வது இன்னும் நுட்பமான அடையாளம். எல்லாவற்றையும்விட ஐயத்துக்குரியது மௌனம்: எப்போதும் எழுதிக்கொண்டிருந்த ஏடு திடீரென வெறுமையானால், எழுதுவதை யாரோ நிறுத்தியிருக்கலாம்.

கண் மூடியிருந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம் சான்று. பொதுமக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைப்பது அதன் தொழில். 2017 மே மாத நடுவில் நுழைந்தவர்கள், சுமார் 76 நாட்கள் தங்கித் தரவுத்தளங்களில் ஏறக்குறைய 9,000 வினவல்களை நிகழ்த்தினார்கள். எடுத்தவற்றைச் சிறு சிறு பகுதிகளாக, வழக்கமான மறையாக்கப் போக்குவரத்தோடு கலந்து அனுப்பினார்கள். அந்தப் போக்குவரத்தைச் சோதிக்க ஒரு சாதனம் இருக்கவே செய்தது. ஆனால் அதன் மின்னணுச் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகியிருந்தமையால் அது எதையும் பார்க்காமலே அனுப்பிக்கொண்டிருந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தவுடன் சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. அதற்குள் ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்கள் பறிபோயிருந்தன.

காவலனே களவுக்கு உள்ளானால் என்ன செய்வது? 2024 ஏப்ரலில் அதுவும் நடந்தது. உலகெங்கும் பயன்படும் பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஃபயர்வால்களில், அதுவரை அறியப்படாத ஒரு குறைபாட்டின் வழியே தாக்குதல்காரர்கள் சாதனத்துக்குள்ளேயே புகுந்தார்கள். அதன் அமைப்பு விவரங்களை, அதாவது மதிலின் வரைபடத்தையே, எடுத்துச் சென்றார்கள். அவர்களுடைய பின்வாசல் நிரலின் தந்திரம் வியப்புக்குரியது. இல்லாத பக்கம் ஒன்றைக் கேட்பது போல ஒரு கோரிக்கை அனுப்பப்படும். அது பிழைப்பதிவேட்டில் ஒரு வரியாக விழும். அந்த வரிக்குள்தான் கட்டளை ஒளிந்திருக்கும். நிரல் அதைப் படித்து நிறைவேற்றிவிட்டு, அந்த வரியையே அழித்துவிடும் வகையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. எதை வைத்துத் திருடனைப் பிடிக்க வேண்டுமோ, அந்த ஏடே திருடனின் கருவியாயிற்று.

எனினும் இது வெளிப்பட்டது. வலெக்சிட்டி என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர் ஒருவரின் வலைப்பின்னலைத் தனியே கண்காணித்து வந்தது. அந்த ஃபயர்வாலிலிருந்தே புறப்பட்ட சந்தேகத்துக்குரிய போக்குவரத்து ஏப்ரல் 10 அன்று அதன் கவனத்துக்கு வந்தது. சாதனம் தன்னைப் பற்றி எழுதிய ஏடு மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு விரைவில் இது தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

வணிகவியல் பயின்ற எவருக்கும் இதில் அடங்கிய பாடம் புதிதன்று. ரொக்கத்தைக் கையாள்பவரே கணக்கையும் எழுதலாகாது. எழுதியவரே தணிக்கையும் செய்யலாகாது. கிளையில் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் இந்த நெறியைக் கணினி அறையிலும் கடைப்பிடிக்க வேண்டும். ஃபயர்வாலின் பதிவுகள் அதனுள்ளேயே தங்காமல், எழுதப்படும் கணமே அழிக்க முடியாத வேறோர் இடத்துக்குச் செல்ல வேண்டும். அந்தச் சாதனத்தை நிர்வகிப்பவர் கையில் அந்த இடத்தின் திறவுகோல் இருக்கலாகாது. ஃபயர்வாலின் சொந்தப் போக்குவரத்தை மற்றொரு கண் தனியே பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கான சட்ட அடித்தளம் உள்ளது. 2016 ஜூன் 2 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட இணையப் பாதுகாப்புக் கட்டமைப்பு, வங்கிகள் இடையறாத கண்காணிப்பு மையம் அமைக்க வேண்டும் என்றது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணை, பதிவுகளை 180 நாட்கள் பேண வேண்டும், கணினிகளின் கடிகாரங்கள் ஒத்திசைந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட இணைய நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என விதித்தது. கடிகார விதி சிறியதாகத் தோன்றலாம். இரு ஏடுகளின் நேரம் பத்து நிமிடம் வேறுபட்டால், எது முன், எது பின் என்று சொல்ல முடியாமல் விசாரணை தடுமாறும் என்பதை அறிந்தோர் அதன் அருமையை அறிவர்.

ஆனால் விதி ஏட்டைச் சேர்த்துவைக்கும்; ஏட்டைப் படிக்காது. ஒரு பெரிய வலைப்பின்னலில் ஒரு நாளில் குவியும் வரிகள் கோடிக்கணக்கில் இருக்கக்கூடும். மென்பொருள் சலித்துத் தரும் எச்சரிக்கைகளிலும் பெரும்பான்மை பொய்யாகவே முடியும். எஞ்சியதில் மெய்யைப் பிரித்தறியப் பயிற்சி பெற்ற மனிதர் வேண்டும். அவர் சொன்னால் அந்த நள்ளிரவிலேயே இணைப்பைத் துண்டிக்க அதிகாரமும் வேண்டும். அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013ஆம் ஆண்டு இறுதியில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவுபோயின. அங்கே மென்பொருள் எச்சரித்தது. உரிய நடவடிக்கைதான் எடுக்கப்படவில்லை.

புதிய சாதனம் வாங்கும் செலவை எந்த நிறுவனமும் எளிதில் ஒப்புக்கொள்ளும். அதைத் திறந்துவைக்கலாம், விளம்பரப்படுத்தலாம். இரவெல்லாம் வரிகளைப் படிக்கும் ஒருவரின் ஊதியம் அப்படிப்பட்டதன்று. அவர் தம் பணியைச் செவ்வனே செய்தால் எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததைக் காட்டி நிதி கேட்பது கடினம். இருந்தும் முதலில் செலவிட வேண்டிய இடம் இதுவே என்பேன். யாரும் படிக்காத பதிவேடு, களவு நடந்த பிறகு அதன் வரலாற்றைச் சொல்ல மட்டுமே உதவும்.

இதில் வாடிக்கையாளருக்கும் பங்குண்டு. நம் கணக்கின் குறுஞ்செய்தியும் மாதாந்திர அறிக்கையும் நமக்குரிய பதிவேடுகள். நாம் செய்யாத ஒரு ரூபாய்ப் பரிவர்த்தனையும் ஆராயத் தக்கதே. வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என 2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வகுத்தது. ஏட்டை உரிய காலத்தில் படித்தவருக்கே அந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிட்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கலாம்.

தாங்கள் தகவல்களை ஒப்படைத்துள்ள எந்த நிறுவனத்திடமும், வங்கியாயினும் மருத்துவமனையாயினும், பாதுகாப்பு எவ்வளவு வலிமையானது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "உங்கள் பதிவேட்டை யார் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி அடிக்கடி எழும் நாட்டில், படிப்பதற்கான ஆட்களும் தாமாகவே நியமிக்கப்படுவார்கள்.