சுவர் யாருடையது?

இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் கோர்னில்யா என்றொரு பழைய சிற்றூர். ரயில் நிலையம் கடலோரத்தில். ஊரோ ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், பாறை முகட்டில். நடுவே 382 படிகள். ஏறி முடித்து மூச்சு வாங்கித் திரும்பினால் முதலில் கடல் தெரியும். பிறகு மலைச்சரிவில் வரிவரியாக ஏறும் திராட்சைத் தோட்டங்கள் தெரியும். அந்த வரிகளைத் தாங்கி நிற்கும் கற்சுவர்கள் மட்டும் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆனால் அவைதான் இந்த ஊரையே தாங்கி நிற்கின்றன.

மொந்தெரோஸ்ஸோ, வெர்னாட்ஸா, கோர்னில்யா, மனரோலா, ரியோமஜ்ஜோரே ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததே சிங்க்வே தெர்ரே. யுனெஸ்கோ 1997இல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் இது தேசியப் பூங்காவானது. செங்குத்தான மலையை அடுக்கடுக்காக வெட்டி, கிடைத்த கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கி, மண் நிரப்பிப் பயிரிட்ட ஆயிரம் ஆண்டு உழைப்பே இங்கே பாரம்பரியம். சாந்து இல்லாததில்தான் நுட்பமே இருக்கிறது: மழைநீர் இடுக்குகளில் கசிந்து வெளியேறும், மண் தங்கிவிடும். இந்தக் கைத்திறனையும் 2018இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது.

ஆனால் அங்கீகாரம் கல்லைத் தூக்கி வைக்காது. ஒரு கல் நழுவியதும் எடுத்து வைத்தால் சிறிய வேலை. விட்டுவிட்டால் அடுத்தடுத்த மழைகளில் சுவர் வயிறு தள்ளும், பிறகு சரியும். சரிவது, கவனிக்காமல் விட்டவர் தலையில் அல்ல, கீழே இருப்பவர் தலையில். சுவர் ஒருவருடைய சொத்து. அதன் சேதம் ஊர்ச் சொத்து.

மலைத் தோட்டங்களைக் கைவிட்டவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயிலும் லா ஸ்பெட்சியாவின் கடற்படைத் தளமும் வந்தபோது தோட்ட உழைப்பின் இடத்தை மாதச் சம்பளம் பிடித்தது. பின்னர் சுற்றுலா வந்தது. அறை வாடகை தரும் வருமானத்தைத் திராட்சைக் கொடி தருவதில்லை. முதுகில் கூடை சுமந்த பாட்டனின் பேரன் விடுதி நடத்துவது இயல்புதான்.

2011 அக்டோபர் 25 அன்று பெருமழை கொட்டியது. வெர்னாட்ஸாவின் தெருவைச் சேறும் கல்லும் மூடின. அவ்வூரில் மூவர் இறந்தனர். மொந்தெரோஸ்ஸோவும் சிதைந்தது. மழை அசாதாரணமானது, உண்மை. ஆனால் மலையிலிருந்து இறங்கிய மண்ணில் பராமரிப்பின்றிக் கிடந்த அடுக்குகளின் பங்கு பெரிது என்பதை ஆய்வுகள் பின்னர் காட்டின. மறு ஆண்டு, ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ‘காதல் பாதை’யில் பாறை சரிந்து பயணிகள் காயமடைந்தனர். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத அந்தப் பாதை முழுமையாகத் திறக்க 2024 ஆயிற்று.

இன்றும் பேச்சு பழியிலேயே சுழல்கிறது. கூட்டம்தான் ஊரைக் கெடுக்கிறது என்கிறார் உள்ளூர்வாசி. மலைப்பாதையில் நடக்கக் கட்டணம் கட்டிவிட்டேனே, வேறென்ன செய்ய என்கிறார் பயணி. நிதி இல்லை என்கிறது நிர்வாகம். மூன்றிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மைகளை வைத்து ஒரு சுவரையும் கட்ட முடியாது.

எனவே பொறுப்பைப் பங்கிடுவோம். நிலத்தைப் பயிரிட முடியாதவர், பயிரிட முன்வருபவருக்குக் குத்தகைக்கு விடட்டும். அடுக்குத் தோட்டங்களின் காட்சியைக் காட்டிச் சம்பாதிக்கும் விடுதிக்காரர், வருமானத்தில் ஒரு பங்கைத் தம் கூரைக்கு மேலுள்ள சுவருக்கு ஒதுக்கட்டும். நிர்வாகம், பாதைக் கட்டணத்தில் எவ்வளவு எந்தச் சுவருக்குப் போனது என்று ஊர் நடுவே பலகையில் எழுதி வைக்கட்டும். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால் கொடுக்கும் கை சுருங்காது. கல் அடுக்கத் தெரிந்த முதியவர்களிடம் இளைஞர்கள் கற்க, கூலியோடு கூடிய பயிற்சி வேண்டும். அந்த அறிவு போய்விட்டால் பணம் இருந்தும் பயனில்லை.

பயணிக்கும் பங்கு உண்டு. பொருந்தாத செருப்போடு மலைப்பாதையில் நடந்தால் அபராதம் என்று பூங்கா 2019இல் அறிவித்தபோது பலர் சிரித்தார்கள். வழுக்கி விழுபவரைத் தூக்கி வர மீட்புக் குழு மலையேற வேண்டும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. படத்துக்காகச் சுவர் மேல் ஏறுவதும், குறுக்குவழிக்காக அடுக்குகளில் இறங்குவதும் அதே அலட்சியம்தான்.

கப்பலில் வந்து, மதியம் படம் எடுத்து, மாலையில் திரும்புகிறவர் ஊருக்கு நெரிசலைத்தான் விட்டுச் செல்கிறார். போகிறவர்கள் ஓர் இரவாவது தங்குங்கள். அந்த அடுக்குகளில் விளையும் ஷக்கெத்ரா மதுவைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். மது வேண்டாதவருக்கு மொந்தெரோஸ்ஸோ எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் இருக்கின்றன. விலை சற்று அதிகம்தான். சுவர் கட்டும் கூலியும் அதில் அடக்கம்.