'வாரி' என்னும் வந்தேறி

விழுப்புரத்தினின்று பிரிந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் புதிது, அலுவலகத் தமிழோ பழைய அழுக்குடனேயே உள்ளது. 'வட்டவாரியாக', 'துறைவாரியாக' என்று எழுதுவதைச் சொல்கின்றோம்.

ஆங்கிலத்தில் 'வைசு' என்பது முன்னாளில் 'முறை' எனப் பொருள்படும் தனிப்பெயர். நாளடைவில் அது தேய்ந்து, பிற பெயர்களின் பின்னொட்டி அவற்றை வினையடையாக்கும் ஈறாயிற்று. 'டிசுட்ரிக்டு வைசு' என்பதைத்தான் நம்மவர் 'மாவட்டவாரியாக' என்று பெயர்க்கின்றனர். அதில் 'ஆக' நம்முடையது, 'வாரி' நம்முடையதன்று. ஆங்கிலர் ஆட்சியில் மன்றோ இங்கு வேரூன்றச் செய்த இரயத்துவாரி வரிமுறையின் பெயரிலுள்ள அதே பாரசீக ஈறு அது. (அள்ளி வாரும் 'வாரி' வேறு, மயங்கற்க!) ஆங்கிலத்தைத் தமிழாக்கப் பாரசீகத்தில் கடன் வாங்குவானேன்?

பெயரை அடுக்கி 'ஆக' சேர்ப்பது தமிழ் வழக்கு. கல்வராயன்மலைச் சிற்றூரில் எழுத்தறியா மூதாட்டியும் 'ஊரூராக', 'வீடுவீடாக' என்றன்றோ சொல்வாள்? அவள் நாவிலுள்ள இலக்கணம் அலுவலர் தாளில் இல்லை! 'வட்டம் வட்டமாக', 'துறைதுறையாக' என்றெழுதினால் பட்டியல் பிழைபட்டுவிடுமா? இடத்திற்கேற்ப 'வட்டந்தோறும்' என்றும் எழுதலாம்.

அலுவலகத்திற்கு விண்ணப்பம் விடுக்கும் அன்பர்கள் 'வாரி'யை நீக்கியே எழுதுக. கேட்பார்க்கு இரயத்துவாரியைக் காட்டி விளக்குக.