கழித்துவிட்ட வரிகளில்தான் செய்தி இருந்தது

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில், வெங்காயப் பாத்திகளுக்கும் கடலுக்கும் நடுவே நிற்கிறது நுரைச்சோலை அனல்மின் நிலையம். முந்நூறு மெகாவாட் வீதம் மூன்று அலகுகள். முதலாவது 2011 இல் மின்சாரம் தந்தது. 2014 இல் 900 மெகாவாட்டும் நிறைவு பெற்றது. அதன் நிலக்கரித் தூசு பற்றி அயலில் வாழ்வோர் முறையிடத் தொடங்கியும் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அப்படியொரு மனுவின் வரைவைப் பார்த்துத் தருமாறு அவ்வூர்த் தம்பி ஒருவர் என்னை அழைத்திருந்தார். மென்பொருள் எழுதுபவர், பலர் கைபட்ட அந்த மனுவின் ஒவ்வொரு வரைவையும் 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒழுங்காகச் சேமித்து வைத்திருந்தார்.

பழைய வரைவையும் புதியதையும் ஒப்பிட்டால் இருநூறுக்கு மேற்பட்ட வரிகள் மாறியிருந்தன. பெரும்பாலானவை பக்க எண்கள், திகதிகள், இணைப்பு இலக்கங்கள். "இதையெல்லாம் யார் பார்ப்பது சேர்?" என்றவர், இலக்கமுள்ள வரிகளைப் புறக்கணிக்குமாறு கணினிக்கு ஒரு கட்டளை கொடுத்தார். இருநூறு, பதினொன்றாகச் சுருங்கியது. பதினொன்றும் நல்ல திருத்தங்களே. அவருக்கு மகிழ்ச்சி.

ஒப்புநோக்குநராகப் பத்திரிகைத் தொழிலைத் தொடங்கியவனுக்குச் சில சந்தேகங்கள் சாகும்வரை போகா. "கழித்ததைக் காட்டுங்கள் தம்பி" என்றேன். காட்டினார். "2014 முதல் நாம் அனுபவிக்கும் தூசு" என்றிருந்த வரி, "2004 முதல்" என்று மாறிக் கிடந்தது! 2004 இல் அந்த நிலையம் ஏது? மனுவைத் தூக்கியெறிய விரும்பும் அதிகாரிக்கு அந்த ஓர் இலக்கம் போதாதா? ஊரே கையெழுத்திடவிருந்த தாள் அது.

இதைக் கணினியின் பிழை என்று சொல்வோர் உண்டு. நான் சொல்லமாட்டேன். கணினி சொன்னதைச் செய்தது. எழுத்துகளின் கோலத்தைக் குறியீடுகளால் விவரித்துத் தேடும் முறைக்கு 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று பெயர். 1950களில் கணிதவியலாளர் கிளீனியிடம் பிறந்து, 1968 இல் கென் தொம்சனால் கணினித் தேடலுக்கு வந்தது. இரு கோப்புகளின் வேறுபாட்டைப் பட்டியலிடும் 'டிஃப்' 1970களில் யுனிக்ஸுடன் வந்தது. கோலத்துக்குப் பொருந்தும் மாற்றங்களை அந்தப் பட்டியலில் காட்டாமல் விடும் வசதி, 2020 டிசம்பரில் வெளியான கிட் 2.30 இல் சேர்ந்தது. ஒரு மாற்றத்தின் எல்லா வரிகளும் கோலத்துக்குப் பொருந்தினால் மட்டுமே அது மறைக்கப்படும். எச்சரிக்கையான ஏற்பாடுதான்.

ஆனால் தம்பி கொடுத்த கோலம் [0-9]. அதன் பொருள், 'எங்காவது ஓர் இலக்கம் இருக்கும் வரி'. அவருக்கு வேண்டியதோ ^பக்கம் [0-9]+$ போன்ற ஒன்று: தொடக்கம் முதல் முடிவு வரை பக்க எண்ணைத் தவிர வேறெதுவும் இல்லாத வரி. முன்னும் பின்னும் அந்த இரு காவற்குறிகளை இடாததால் ஊராரின் வழக்கே வடிகட்டியில் போயிற்று.

"வடிகட்டி இல்லாவிட்டால் இருநூறு வரிகளை எவரும் வாசிக்கமாட்டார்" என்பார்கள். உண்மை. நான் வடிகட்டிக்கு எதிரியல்லன். 'இது சிறு மாற்றம்' என்று தீர்ப்பளிப்பது ஆசிரியரின் வேலை. அதை யாரும் பார்க்காத ஒரு குறியீட்டிடம் ஒப்படைப்பதையே எதிர்க்கிறேன். கழிப்பவர் எத்தனை மாற்றங்களைக் கழித்தார் என்று சொல்லவேண்டும். எந்தக் கோலத்தால் கழித்தார் என்பதை ஆவணத்துடனேயே பதிந்து வைக்கவேண்டும். இறுதி வரைவையேனும் வடிகட்டாமல் ஒருமுறை வாசிக்கவேண்டும். இம்மூன்றும் பெரிய சுமையா?

தமிழர்களாகிய நமக்கு ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். பைத்தன் மொழியின் வழமையான ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதிக்குப் புள்ளியும் உயிர்க்குறியும் சொல்லின் பகுதியல்ல. 'சொல்லைத் தேடு' என்றால் தமிழ்ச் சொல்லைத் துண்டாடிவிடும். 'நுரைச்சோலை' என்ற பெயரிலுள்ள ஓகாரக் குறியையே யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைச்சுழியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இதற்கு மருந்து வரிகளைக் கழிப்பதன்று. இரு வரைவுகளையும் முதலில் ஒரே குறியேற்ற வடிவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஒப்பிடுவதே முறை.

ஒரு மனுவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். சட்டங்களும் இப்படித்தானே மாறுகின்றன! '12 ஆம் பிரிவில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்' என்று எழுதப்படும் திருத்தச் சட்டமூலம், டிஃப் அல்லாமல் வேறென்ன? பெண் வேட்பாளர்களின் பங்கை உறுதிசெய்யவென வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலத்தில், 2017 செப்டம்பர் 20 அன்று குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் நுழைந்து அன்றே நிறைவேறின. வந்த பிரதிக்கும் நிறைவேறிய பிரதிக்கும் இடையிலான வேறுபாட்டை எத்தனை பேர் வாசித்தார்கள்? நுரைச்சோலை மக்கள் வடமேல் மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் வாக்களித்தார்கள். அச்சபையின் காலம் 2018 இல் முடிந்தது. புதிய முறை கோரிய எல்லை நிர்ணயம் நிறைவேறாமல், அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. நம் சட்டங்களின் கடைசிப் பிரிவையும் ஒருமுறை பாருங்கள்: சிங்கள, தமிழ் உரைகள் முரண்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். தமிழ்ப் பிரதியில் நேரும் ஒரு புள்ளிப் பிழைக்கு விலை கொடுப்பவர் அதை நம்பி வாசித்தவரே.

தம்பி அன்றிரவே கோலத்தைத் திருத்தினார்; மனுவில் 2014 திரும்பி வந்தது. கூடவே, கழிக்கப்பட்ட வரிகளை அச்சிட்டு ஊரின் மூத்தவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தார். கணினி அறியாத அந்தப் பெரியவர் இன்னும் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தார் என்று மறுநாள் மின்னஞ்சல் வந்தது.

மறைப்பவர் எவராயினும், நண்பர்களே, கழித்ததைக் காட்டச் சொல்லுங்கள்.