இரத்தத்தின் மேல் பழி

இலங்கையில் கலேவெலப் பக்கம் சம்பந்தம் பேசுகிறவர்கள், மாப்பிள்ளையின் தொழிலை விசாரித்த கையோடு இன்னொன்றையும் கேட்கிறார்கள்: "அந்தக் குடும்பத்தில யாருக்கும் மண்டைக் கோளாறு இருந்ததா?" சித்தப்பாவுக்கு மனச்சிதைவு என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சு அன்றோடு முறிந்தது. பரம்பரை வியாதியாம். படித்தவர்களும் இப்போது மரபணுவைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். பெரிய அநியாயம் இது.

2014இல் ஏறத்தாழ 37,000 மனச்சிதைவு நோயாளிகளை ஆராய்ந்தபோது, இந்நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் 108 தெரியவந்தன. அவற்றுள் வலுவானது, நோயெதிர்ப்பு மரபணுக்கள் நெருங்கிக் கிடக்கும் ஆறாம் நிறமூர்த்தத்தில் இருந்தது. 2016இல் அமெரிக்காவின் ஸ்டீவன் மெக்கரோல் குழுவினர் அங்குள்ள சி4 மரபணுவை இனங்கண்டார்கள். கிருமிகளை அழிப்பதற்காக அவற்றின் மேல் அடையாளமிடும் புரதத்தை ஆக்குவது அது. மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளுக்கும் அதே புரதம் அடையாளமிடுகிறது. துப்புரவுக் கலங்கள் வந்து அவற்றை அகற்றுகின்றன. பதின்வயதில் இந்தக் களையெடுப்பு மிதமிஞ்சிப் போவதும் நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து.

சரி, எவ்வளவு அபாயம்? சி4இன் மிக ஆபத்தான வடிவம் கூட்டுவது சுமார் கால் பங்கு. நூறில் ஒருவருக்கு வரும் நோய், நூறில் ஒன்றேகால் பேருக்கு வரும். அந்த வடிவம் விசாரிக்க வந்தவரின் உடம்பிலேயே இருக்கலாம். அதுமட்டுமா, மனச்சிதைவின் அபாயத்தைக் கூட்டும் அதே வடிவங்கள் லூபஸ் நோயிலிருந்து காக்கின்றன என்று 2020இல் கண்டார்கள். எந்த வீட்டு இரத்தத்தைக் கெட்டதென்று ஒதுக்குவது? ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும் மற்றவர் பாதிக்குப் பாதியாவது தப்பிவிடுகிறார். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தாலும் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு வருவதில்லை. சீனி வியாதி தலைமுறையாக வரும் வீட்டில் யார் சம்பந்தத்தை முறிக்கிறார்கள்?

இந்தப் பழியால் அழிவது நோயாளிதான். தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்று, காதில் குரல் கேட்கும் அண்ணனைப் பின்னறையில் வைத்திருக்கிறார்கள். ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று, கடைசியில் அதிகாலை பஸ்ஸில் வேறு டவுனுக்குக் கூட்டிப்போகிறார்கள். கிளினிக் கொப்பியை அரிசிப் பெட்டிக்கு அடியில் ஒளிக்கிறார்கள். ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் தேறி வேலைவெட்டிக்குப் போகும் வாய்ப்பு அதிகம். நாள் கடத்தக் கடத்த அது குறைகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். கலியாணத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்கிற பெரியவர்களே, அந்தப் பிள்ளையை நாளைக்கே கிளினிக்குக் கொண்டுபோங்கள். சம்பந்தம் பேசப் போகிறவர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.